அதிர்ஷ்டம் இருந்தால் தெரிவார்கள்

விடிவதற்கு வெகுநேரம் முன்பே போர்ட் பிளேரிலிருந்து கிளம்பிவிட்டோம். டெம்போ டிராவலரில் பதினோரு பெண்கள், ஒரு டிரைவர், ஒரு கைடு. ஜிர்காடாங் செக்போஸ்டில் வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. கான்வாய் புறப்படும் நேரத்தில் கைடு எழுந்து நின்று சொன்னார்:

“அக்கா, எல்லாரும் ஜன்னல மூடிக்கங்க. போன உள்ள வச்சிருங்க. போட்டோ எடுத்தா போலீஸ் கேஸ் ஆயிடும். வண்டி எங்கயும் நிக்காது. ஆனா ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டே வாங்க. அதிர்ஷ்டம் இருந்தா தெரிவாங்க.”

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். முதுமலையில், புலிக்காக. இங்கே அவர் சொன்னது மனிதர்களை. ஜாரவாக்களை.

இதை அந்தத் தம்பியைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. வழிகாட்டிச் சுற்றுலா என்பதை ஒரு பிரதியாக வாசிக்க முடியும் என்று நினைக்கிறேன். அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. கதை சொல்பவர் உண்டு. காட்டவேண்டியவை, காட்டாமல் விடவேண்டியவை என்ற தேர்வு உண்டு. ஒரு நாவலில் பெண்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்பதைப்போல, ஆறு நாள் அந்தமான் சுற்றுலாவிலும் கேட்கலாம். அதைக் கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில் என்னையும் சேர்த்தே குற்றம் சாட்டியது.

முதலில் எங்கள் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்கள் மட்டுமே போகும் சிறுகுழுச் சுற்றுலா அது. எங்களில் மூத்தவர் அறுபத்தெட்டு வயதான ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. தூத்துக்குடியில் தையல் கடை நடத்தும் ஒருவர், முப்பத்திரண்டு ஆண்டு மணவாழ்க்கையில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் அல்லாமல் தான் வீட்டைவிட்டு வெளியே தங்குவது இதுதான் முதல் முறை என்றார். இரண்டாம் நாள் ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையில் அவர் சுடிதாரோடு கடலுக்குள் உட்கார்ந்து, அலை தலைக்குமேல் போகும்போதெல்லாம் சத்தமாகச் சிரித்தார். யாரும் “போதும், ஏறி வா” என்று அவரிடம் சொல்லவில்லை. இத்தகைய பயணத்தின் மதிப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். தனியாகப் போக வீடு விடாது, குடும்பத்தோடு போனால் அங்கேயும் சமையலும் துவைப்பும் நம் தலையில்தான். சிறுகுழு இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவைத் திறக்கிறது.

அந்தக் கதவு எதை நோக்கித் திறக்கிறது என்பதுதான் என் கேள்வி.

முதல் நாள் மாலை செல்லுலர் சிறை. 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்த கட்டடம். ஏழு சிறகுகளில் இன்று மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன. செக்குமரம், கசையடிக் கட்டை, தூக்குமேடை என்று கைடு வரிசையாகக் காட்டினார். இருட்டியதும் ஒலி-ஒளிக் காட்சி. சிறை வளாகத்து அரசமரம் தான் பார்த்ததையெல்லாம் சொல்வதாக அமைத்திருக்கிறார்கள். மரம் ஆண் குரலில் பேசுகிறது. ஆண்களின் வதையை, ஆண்களின் தியாகத்தைச் சொல்கிறது. எங்கள் தலைமையாசிரியை அழுதார். எனக்கும் தொண்டை அடைத்தது. அந்த வதை உண்மை. அதைக் கேட்டு அழுவதும் நியாயம்.

ஆனால் அந்தச் சிறை ஆண்களுக்காகக் கட்டியது. தண்டனைக் குடியேற்றமோ அதற்கு முன்பே, 1858 மார்ச்சில், தொடங்கிவிட்டது. அதில் பெண்களும் இருந்தார்கள். கணவனைக் கொன்றதாக, பிறந்த சிசுவைக் கொன்றதாகத் தண்டனை பெற்றுக் கடல் கடந்து வந்தவர்கள் அவர்களில் பலர். விதவைக்குக் குழந்தை பிறந்தால் ஊர் என்ன செய்யும் என்று தெரிந்த நமக்கு, அந்தச் சிசுக்கொலைகளின் பின்னணியை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. போர்ட் பிளேரின் சவுத் பாயின்ட் பகுதியில் இவர்களுக்கென்று தனிச்சிறை இருந்தது.

இந்தப் பெண்கைதிகளைப் பற்றி வரலாற்றாசிரியர் சதத்ரு சென் விரிவாக எழுதியிருக்கிறார். ஆண் கைதிகள் அடங்கி, குடும்பமாகி, நிலத்தில் வேர்விட வேண்டும் என்பதற்காக நிர்வாகம் பெண்கைதிகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தது. நன்னடத்தையால் தனியாக வாழ அனுமதி பெற்ற ஆண் பெண்சிறைக்கு வருவான். தகுதியான பெண்கள் வரிசையில் நிற்பார்கள். அவன் தேர்ந்தெடுப்பான். பெண்ணின் சம்மதத்தையும் கேட்டார்கள்தான். ஆனால் மறுத்தால் அவள் திரும்பிப் போகவேண்டியது அதே சிறைக்குள். நம் வீடுகளில் நடக்கும் பெண் பார்க்கும் சடங்கு இதைவிட எவ்வளவு தூரம் என்று யோசித்தேன்.

அப்படி அமைந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அந்தமானில் வாழ்கிறார்கள். ஆகவே இந்த ஊரை உண்டாக்கியதில் அந்தப் பெண்களுக்கு நேரடிப் பங்கு உண்டு. எங்கள் பயணத்திட்டத்தில் சவுத் பாயின்ட் இல்லை. அரசமரமும் அவர்களைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவர்கள் கொலைகாரிகள், தியாகிகளின் பட்டியலில் சேரமாட்டார்கள். தேசத்துக்காகச் செய்த கொலைக்குச் சிலை உண்டு. வீட்டுக்குள் நசுங்கிச் செய்த கொலைக்கு ஒரு அறிவிப்புப் பலகைகூடக் கிடையாது.

பெயர்களிலும் இதே கதைதான். ஹேவ்லாக்கும் நீலும் 1857 எழுச்சியை ஒடுக்கிய ஆங்கிலத் தளபதிகள். 2018 டிசம்பரில் அந்தத் தீவுகள் ஸ்வராஜ், ஷஹீத் என்று மாறின. ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு ஆனது. 2024இல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் வந்தது. எங்கள் கைடு பழைய பெயரையும் புதிய பெயரையும் கவனமாகச் சொன்னார். ஆங்கிலேயர் வருவதற்கு முன் இங்கே பல ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் இந்தத் தீவுகளை என்ன சொல்லி அழைத்தார்கள் என்ற பேச்சு ஒருமுறைகூட வரவில்லை. ‘ஜாரவா’ என்பதே அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல. அயலார் என்ற பொருளில் அண்டைக் குடியினர் அழைத்தது. அவர்கள் தங்களை ‘ஆங்’ என்கிறார்கள்.

நான்காம் நாள் பாராடாங். சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை, அலையாத்திக் காட்டுக்குள் படகுப் பயணம் என்று பயணத்திட்டத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஜாரவாக்களைப் பார்க்கலாம் என்று எங்கும் அச்சிடவில்லை. அச்சிடவும் முடியாது, சட்டம் தடுக்கிறது. ஆனால் குகைக்குப் போகும் சாலை அவர்களின் காப்புக்காட்டை ஊடறுத்துப் போகிறது. அந்தப் பகுதியில் சாலையை மூடும்படி உச்ச நீதிமன்றம் 2002இல் உத்தரவிட்டது. சாலை இன்றும் ஓடுகிறது. 2011 கணக்கெடுப்பில் ஜாரவாக்கள் 380 பேர். எங்கள் கான்வாயில் மட்டும் அதைவிட அதிகம் பேர் இருந்திருப்போம்.

2012 ஜனவரியில் பிரிட்டனின் ‘அப்சர்வர்’ இதழ் ஒரு காணொளியை வெளியிட்டது. உணவைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் ஓர் ஆண்குரல் அதில் கேட்கிறது. பெரும் கண்டனம் எழுந்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, ஆறு வாரத்தில் அந்தத் தடை விலகியது. கான்வாய்கள் மறுபடி ஓடத் தொடங்கின. அந்தக் காணொளியைப் பார்த்துக் கொதித்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த ஆண்குரலை வெறுத்தேன். அது என்னிடமிருந்து வெகுதூரத்தில் இருப்பதாக நம்பினேன்.

கான்வாய் கிளம்பி அரைமணி நேரம் இருக்கும். ஒரு வளைவில், சாலையோரத்தில் ஒரு பெண் நின்றிருந்தார். இடுப்பில் குழந்தை. இரண்டு அல்லது மூன்று வினாடிதான். பதினோரு பேரும் ஒரே பக்கம் சாய்ந்தோம். வண்டிக்குள் சத்தமே இல்லை. பிறகு பின்சீட்டிலிருந்து ஒரு குரல், ஏமாற்றத்தோடு: “நைட்டி மாதிரி ஏதோ போட்டிருக்காளே.”

சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் நானும் சாய்ந்திருந்தேன். என் கண்ணும் முதலில் தேடியது அவருடைய முகத்தை அல்ல, உடம்பில் துணி இருக்கிறதா என்பதைத்தான். பேருந்து நிறுத்தத்தில் என்மேல் ஊர்ந்த எத்தனையோ கண்களை நான் திட்டியிருக்கிறேன். அந்தக் கண்கள் செய்ததை இங்கே என் கண் செய்தது. அந்தப் பெண் எங்களைத் திரும்பிப் பார்த்தாரா என்று எனக்கு நினைவில்லை. அதைக் கவனிக்கும் அளவுக்கு அவரை ஓர் ஆளாக நான் பார்க்கவில்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

பெண்கள் பார்த்தால் பார்வை மாறிவிடும் என்று நாம் எளிதாக நம்புகிறோம். ஆண் கேமராவை வாங்கிப் பெண் கையில் கொடுத்தால் போதும் என்பதுபோல. வண்டி, கண்ணாடி, வேகம், இறங்கக்கூடாது, பேசக்கூடாது என்ற ஏற்பாட்டுக்குள் யாரை உட்காரவைத்தாலும் அந்தப் பார்வைதான் வரும். போட்டோ எடுக்கக்கூடாது என்ற விதி அவசியமானது. ஆனால் அது போனைத்தான் உள்ளே வைக்கச் சொல்கிறது. ‘அதிர்ஷ்டம் இருந்தால்’ என்ற எதிர்பார்ப்பு வண்டிக்குள்ளேயே வருகிறது. அன்று நாங்கள் அனுபவித்த சுதந்திரத்தின் ஒரு பகுதி, தன் காட்டில் யாரும் பார்க்காமல் நடக்கும் உரிமையை இன்னொரு பெண்ணிடமிருந்து எடுத்தது.

வேறு விதமாகப் பார்த்த பெண்களும் இந்தத் தீவுகளில் இருந்திருக்கிறார்கள். 1991இல் வடக்கு சென்டினல் தீவுக்குப் போன குழுவில் ஒரே பெண் மானிடவியலாளர் மதுமாலா சட்டோபாத்யாய். அவர்கள் நீரில் விட்ட தேங்காய்களைச் சென்டினல் மக்கள் வந்து எடுத்துக்கொண்டார்கள். ஓர் இளைஞன் அம்பைக் குறிவைத்தபோது அருகிலிருந்த பெண் ஒருவர் அவனைத் தள்ளிவிட்டதால் குறி தவறியது என்று மதுமாலா சொல்லியிருக்கிறார். பரிசு கொடுத்துப் பழகும் அந்தப் பயணங்களும் கேள்விக்கு அப்பாற்பட்டவை அல்ல. 1990களிலேயே அவற்றை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதும் சரிதான். 2018இல் ஓர் அமெரிக்க இளைஞர் அந்தத் தீவில் கொல்லப்பட்ட பிறகுதான் நம்மில் பலருக்கு மதுமாலாவின் பெயரே தெரிந்தது.

இன்னொருவர் மொழியியலாளர் அன்விதா அப்பி. பெரும் அந்தமானிய மொழிகளில் ஒன்றான ‘போ’ மொழியை அறிந்த கடைசி மனுஷியான போவா சீனியரோடு அவர் பல நாட்கள் உட்கார்ந்து கேட்டார், பதிவுசெய்தார். தன் மொழியில் பேச ஆள் இல்லாத போவா பறவைகளோடு பேசுவார் என்று அப்பி எழுதியிருக்கிறார். 2010 ஜனவரியில் போவா இறந்தார். அங்கே பார்த்தவருக்கும் பார்க்கப்பட்டவருக்கும் பெயர் இருந்தது. பேச்சு இருந்தது. போவாவின் சம்மதமும் இருந்தது. எங்கள் வண்டியில் இவை எதுவும் இல்லை.

திரும்பி வரும்போது மிடில் ஸ்ட்ரெய்ட் ஜெட்டியில் கான்வாய்க்காகக் காத்திருந்தோம். கைடிடம் மெதுவாகக் கேட்டேன், “தம்பி, ஏன் அப்படிச் சொன்னீங்க, அதிர்ஷ்டம்னு?”

அவர் ஒளிக்கவில்லை. “சொல்லலன்னா கெஸ்ட்டுங்க கேப்பாங்க அக்கா. ஜாரவா தெரியலன்னா எனக்குத்தான் ஸ்டார் கொறையும். நீங்கதான் மொதல்ல ஏன் சொன்னீங்கன்னு கேக்குறீங்க.”

அவர் பிழைப்பு எங்கள் திருப்தியில் இருக்கிறது. அதனால் அவர் சொல்லும் கதையை நாங்களும் சேர்ந்துதான் எழுதுகிறோம். இதில் எனக்கு வெட்கமும் உண்டு, கொஞ்சம் நம்பிக்கையும் உண்டு. கேட்பவர்கள் மாறினால் கதை மாறும்.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். நான்கு தோழிகள் சேர்ந்து அந்தமான் போகிறார்களாம். “போகலாமா மேடம்?” என்றாள். போகச் சொன்னேன். கடலில் உட்காரச் சொன்னேன். பயணத்திட்டத்தில் பாராடாங் நாளை எடுத்துவிட்டு, அந்த நாளில் சவுத் பாயின்ட்டைச் சேர்க்கச் சொல்லி ஏஜென்ட்டிடம் கேள் என்றேன். “அங்க பாக்க என்ன இருக்கு?” என்று ஏஜென்ட் கேட்டாராம். அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவள் மறுபடி எனக்கு போன் செய்தாள். மேலே எழுதியிருப்பதுதான் நான் அவளுக்குச் சொன்ன பதில்.