பத்துக்கு ஒன்பது வாங்கிய பள்ளி

கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் சொந்த வீடு தேடும் தமிழ்க் குடும்பத்துக்கு, இணைய விளம்பரத்தில் வீட்டுப் படங்களைப் பார்த்து முடிப்பதற்குள் கண் கீழே போய்விடும். அங்கே அந்த முகவரிக்குரிய தொடக்கப்பள்ளியின் பெயரும், பத்துக்கு எத்தனை என்று கிரேட்ஸ்கூல்ஸ் இணையதளம் தரும் ரேட்டிங்கும் இருக்கும். ஒன்பது என்றால் போட்டி சூடுபிடிக்கும். தெருவைத் தாண்டினால் அதே பள்ளி மாவட்டத்தின் இன்னொரு பள்ளி. அது ஆறு வாங்கிய பாவத்துக்கு அந்தப் பக்கத்து வீட்டின் மவுசு குறையும். பொருளியலாளர் சாண்ட்ரா பிளாக் மாசசூசெட்ஸ் புறநகர்களில் தொடக்கப்பள்ளி எல்லைக்கோட்டின் இருபுறமும் உள்ள வீடுகளை ஒப்பிட்டு 1999-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்காகவே காட்டியது: தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால், பெற்றோர் 2.5 சதவீதம் கூடுதல் விலை தரத் தயார்.

ஒரே மாவட்டத்துப் பள்ளிகளை ஒப்பிடுவதில் எனக்கு மறுப்பில்லை. சொல்லப்போனால், ஒப்பிடத் தகுந்த இடமே அதுதான். சம்பள அட்டவணை ஒன்று, விடுமுறை நாட்காட்டி ஒன்று, பதில் சொல்ல வேண்டிய நிர்வாகக் குழு ஒன்று. இத்தனையும் பொதுவாக இருந்தும் இரண்டு பள்ளிகள் வேறுபட்டால் ஏன் என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். 2002-ல் நடைமுறைக்கு வந்த ‘நோ சைல்டு லெஃப்ட் பிஹைண்ட்’ சட்டம், ஏழைப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் என்று பிரித்துக் கணக்குக் காட்டச் சொன்னது. பள்ளியின் நல்ல சராசரிக்குப் பின்னால் மறைந்து கிடந்தவர்கள் அப்போதுதான் வெளியே தெரிந்தார்கள். அந்தச் சட்டத்தின் தண்டனை முறைகளை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். இந்த நன்மையை மறுக்க முடியாது.

கோளாறு, எதை ஒப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது. மாநிலத் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் முதல் மூன்று ஆண்டுகளுக்கு அதில் இடமே இல்லை. மாலையில் கூமான் டியூஷன், சனிக்கிழமை கணக்கு வகுப்பு என்று ஓடும் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கு ஒன்பது விழுந்தால், அதில் டீச்சரின் பங்கு எவ்வளவு, அப்பாவின் கார் பெட்ரோல் எவ்வளவு? குடும்பப் பின்னணியின் கைதான் ஓங்கியிருக்கிறது என்று 1966-லேயே அமெரிக்கப் பள்ளிகளை ஆராய்ந்த கோல்மன் அறிக்கை சொல்லிவிட்டது. பின்னாளில் ஸ்டான்ஃபோர்டின் ஷான் ரியர்டன் நாடு முழுவதும் உள்ள மாவட்டங்களை ஆராய்ந்தார். மூன்றாம் வகுப்பில் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்பதற்கும், அதற்குப்பின் எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பதற்கும் பெரிய தொடர்பில்லை என்று கண்டார். ஏழைப் பிள்ளைகள் மிகுந்த சிகாகோவில், மூன்றிலிருந்து எட்டாம் வகுப்புக்குள், ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டு முன்னேற்றம் இருந்தது. சராசரி மதிப்பெண்ணை வைத்து வீடு தேடுபவர் அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்.

கிரேட்ஸ்கூல்ஸே 2020-ல் முன்னேற்றத்துக்குக் கூடுதல் இடம் கொடுத்தது. கலிபோர்னியா மாநிலமும் பழைய ஒற்றை எண்ணைக் கைவிட்டு, 2017-ல் சிவப்பு முதல் நீலம்வரை ஐந்து நிறங்களுக்கு மாறியது. ஆனால் நிறங்களை உட்கார்ந்து படிக்கப் பொறுமை வேண்டும். சந்தைக்கு எண் போதும்.

பிள்ளைகளை வகைவகையாகப் பிரித்துக் காட்டும் அந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது ஒரு படிவம் தருவார்கள்: பிள்ளை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் அதிகம் பேசுவது எது? ‘தமிழ்’ என்று எழுதினால் எல்பாக் என்ற ஆங்கிலத் தேர்வு வரும். ஐந்து வயதுப் பிள்ளை புது டீச்சர் முன் வாயைத் திறக்காவிட்டால் ‘இங்கிலீஷ் லேர்னர்’ பட்டியலில் சேர்ந்துவிடும். (“இங்கிலீஷ்னே எழுதிடுங்க” என்று பெற்றோருக்குள் யோசனை சொல்லிக்கொள்வது இதனால்தான்.) அம்மா அப்பா இருவரும் பொறியாளர்களாக உள்ள பிள்ளையும், வாடகை கட்டமுடியாமல் வீடு மாறிக்கொண்டே இருக்கும் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே பட்டியலில். எந்தப் பள்ளியில் யார் அதிகம் என்பதை அந்தப் பட்டியலின் மதிப்பெண் சொல்லாது.

நான் ஒப்பிடச் சொல்வது பணத்தை. சம்பள அட்டவணை ஒன்று என்றேன். ஆனால் பணிமூப்புள்ள ஆசிரியர்கள் வசதியான பள்ளிக்கு மாறிப்போவதால், சம்பளச் செலவு பள்ளிக்குப் பள்ளி ஏறி இறங்குகிறது. மாணவருக்கு எவ்வளவு செலவாகிறது என்று பள்ளிவாரியாக வெளியிடும்படி 2015-ன் மத்தியக் கல்விச் சட்டம் சொல்கிறது. அந்தத் தொகையைக் கேட்டு வீடு பார்க்க வருபவரை நான் கண்டதில்லை.

ரேட்டிங் வீட்டுக்கடனோடு முடிச்சுப் போட்டுக்கொண்டால் மாவட்டமே உடையும் நிலை வரும். வளைகுடாப் பகுதியின் ஃபிரிமாண்ட் நகரில் 2000-ல், வைபல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் மிஷன் சான் ஹொசே உயர்நிலைப் பள்ளிக்குப் பதில் இர்விங்டனுக்குப் போகவேண்டும் என்று எல்லை மாறியது. பெற்றோர் தனி மாவட்டமே கேட்டுக் கிளம்பினார்கள். சுயநலம் என்று ஒதுக்குவது எளிது. அந்தப் பள்ளியின் பெயருக்காக மாதாமாதம் வட்டி கட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

நிர்வாகக் குழுவின் கையில் ஒப்பீடு உருப்படியாகப் பயன்பட்டதற்கு சாண்டா மோனிகா–மாலிபு மாவட்டம் உதாரணம். அங்கே மாலிபுப் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றின் பெற்றோர் சங்கம் மாணவருக்கு 2,000 டாலருக்கு மேல் செலவிட்டது. இன்னொன்றில் 100 டாலர்கூடத் தேறவில்லை. 2011-ல் குழு, தனித்தனிப் பள்ளிகள் நன்கொடையில் ஆள் வைத்துக்கொள்வதை நிறுத்தி, வசூலைப் பொதுவில் சேர்த்து எல்லாப் பள்ளிகளுக்கும் பகிர முடிவெடுத்தது. மாலிபுப் பெற்றோர் கொதித்தார்கள். தங்களுக்குத் தனி மாவட்டம் வேண்டும் என்ற அவர்கள் கோரிக்கை அதன்பின் இன்னும் வலுத்தது.