பாகீஸா: இசைத்தட்டில் ஏறிய குரலும் ஏறாத குரல்களும்

தம் வாழ்நாளின் சிரேஷ்டமான படைப்பை முடித்து வைத்துவிட்டு, அதை ஜனங்கள் கேட்டுத் தலையசைக்கும் காட்சியைக் காணாமலே கண்மூடிய கலைஞர்களின் வரிசையில், இந்தித் திரையிசையைச் சேர்ந்த குலாம் முகம்மதுவின் பெயரை மறக்காமல் சேர்க்க வேண்டும். 'பாகீஸா' என்ற படத்துக்கு அவர் இசையமைத்த பாடல்களே அந்தப் படைப்பு. 1956-இல் பூஜை போட்டுத் தொடங்கப்பெற்ற அந்தப் படம், இயக்குநர் கமால் அம்ரோஹிக்கும் அவர் மனைவியும் கதாநாயகியுமான மீனாகுமாரிக்கும் இடையே நேர்ந்த பிரிவினால் பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்து, கறுப்பு வெள்ளையிலிருந்து வர்ணத்துக்கும், பிறகு சினிமாஸ்கோப்புக்கும் மாறி, கடைசியில் 1972 பிப்ரவரி 4-ஆம் தேதி பம்பாய் மராத்தா மந்திர் அரங்கில் வெளியாயிற்று. இசையமைப்பாளரோ 1968-லேயே காலமாகிவிட்டார். ஒளிப்பதிவாளர் ஜோசப் விர்ஷிங் அதற்கும் முந்திய ஆண்டிலேயே போய்விட்டார். மீனாகுமாரி படம் வெளிவந்த இரண்டு மாதத்துக்குள், மார்ச் 31-ஆம் தேதி, அவர்களைப் பின்தொடர்ந்தார்.

இந்தத் துயரக் கதையைப் பலரும் பல முறை எழுதியிருக்கிறார்கள். அதைத் திரும்பச் சொல்வது என் நோக்கமன்று. அந்தப் படத்தின் இசைத்தட்டைக் கேட்பவர்களுக்கும் படத்தையே கேட்பவர்களுக்கும் கிடைக்கும் சங்கீதம் ஒன்றல்ல, இரண்டு என்பதே நான் இங்கே எடுத்துக்கொள்ளும் பொருள். தட்டில் உள்ள ஆறு பாடல்களிலும் லதா மங்கேஷ்கரின் சாரீரமே ஆட்சி செய்கிறது. ஒரே ஒரு பாட்டில் முகம்மது ரஃபி அவருக்குத் துணை வருகிறார். படத்திலோ, அந்த ஆறு பாடல்களுக்கு இடையிலும் பின்னாலும், வீதியிலிருந்தும் மாடங்களிலிருந்தும் வருவதுபோல், வேறு பெண்களின் குரல்கள் துண்டு துண்டாகத் தும்ரிகளை இசைத்துக்கொண்டிருக்கின்றன. கதையோ தவாயிப் எனப்படும் ஆடல் மகளிரைப் பற்றியது. அந்த மகளிர் மெய்யாகவே பாடிய பாணிக்கு மிக அணுக்கமான குரல்கள் எவையோ, அவை முதற்தட்டில் இடம் பெறாமல் பின்னணியில் நின்றன என்பதை உணர்ந்த பிறகுதான், இந்த ஆல்பத்தின் அழகும் அதன் குறையும் ஒருங்கே விளங்குகின்றன.

குலாம் முகம்மது பிகானீரைச் சேர்ந்தவர். தபேலாவும் டோலக்கும் வாசித்துத் தேர்ந்த குடும்பத்துப் பிள்ளை. பல ஆண்டுகள் நௌஷாத்துக்கு உதவியாளராக இருந்து, அவருடைய பாடல்களின் தாளக்கட்டுக்குப் பொறுப்பேற்றிருந்தவர். தாளக்காரர் இசையமைப்பாளராகும்போது ஓசையைப் பெருக்குவார் என்று எதிர்பார்ப்பது சகஜம். இவர் செய்ததோ அதற்கு நேர்மாறு. எந்த இடத்தில் தாளம் ஒதுங்கி நின்று சொல்லுக்கு வழிவிட வேண்டும் என்ற விவேகம் இவருக்கு இயல்பாக அமைந்திருந்தது. 1954-இல் வெளிவந்து ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் பெற்ற 'மிர்ஸா காலிப்' படத்தில், அந்த மகாகவியின் கஜல்களை அவர் அமைத்த விதத்தில் இதைக் காணலாம். அந்தப் படத்திலும் ஒரு தவாயிப் கதாபாத்திரம் உண்டு. அதை ஏற்று நடித்த சுரையாவே தம் குரலில் பாடினார். நடிப்பவள் ஒருத்தி, பாடுகிறவள் வேறொருத்தி என்ற ஏற்பாடு முழுமையாக நிலைபெற்றுவிடாத காலத்தின் கடைசி வெளிச்சம் அது.

அந்த ஏற்பாட்டின் முன்கதையைச் சற்றே சொல்லியாக வேண்டும். இந்தியாவில் இசைத்தட்டு என்ற சாதனம் வந்தபோது, 1902-இல் கல்கத்தாவில் முதலில் முன்வந்து பாடியவர்களில் கௌஹர் ஜான் முக்கியமானவர்; அவரும் அலகாபாத் ஜான்கி பாயும் போன்ற தவாயிப்கள்தாம் அந்தப் புதிய வணிகத்துக்கு உயிர் கொடுத்தார்கள். பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்லி முடிப்பார். கனத்த, திறந்த, நெஞ்சிலிருந்து எழும் சாரீரம் அது. பேசும் படம் வந்தபோதும் இப்படிப்பட்ட சாரீரங்களே அங்கே போயின. நர்கிஸின் தாயாரான ஜத்தன் பாய் நடித்தார், பாடினார், இசையும் அமைத்தார். ஆனால் சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் காற்று மாறிற்று. தேசத்துக்குக் கௌரவமான சங்கீதம் எது என்று தீர்மானிக்கப் புகுந்தவர்கள், அகில இந்திய வானொலியிலிருந்தே இந்தக் குலத்துப் பாடகியரை விலக்க முற்பட்டார்கள். அதே ஆண்டுகளில்தான் திரையில் லதாவின் உயர்ந்த சுருதியும் மெலிந்த தூய நாதமும் எழுந்து, ஷம்ஷாத் பேகம், ராஜ்குமாரி முதலியோரின் குரல்களை மெல்ல மெல்லப் பின்னுக்குத் தள்ளின. இதை லதாவின் குற்றமாக நான் சொல்லவில்லை. அத்தகைய மேதை எந்த யுகத்தில் வந்திருந்தாலும் முதலிடத்தில்தான் இருந்திருப்பார். எனினும், ஒரு சாரீரத்தின் வெற்றியோடு கூடவே ஒரு பாணியின் மறைவும் நேர்ந்தது என்பதைச் சரித்திரம் எழுதுகிறவன் மறைக்கலாகாது.

இதற்குப் 'பாகீஸா'விலேயே அகப்படும் சான்றைப் போல் வேறெங்கும் அகப்படாது. மஜ்ரூஹ் சுல்தான்புரியின் பெயரோடு வரும் 'இன்ஹீ லோகோன் நே' என்ற பாட்டு முற்றிலும் புதிய பாட்டன்று. 1941-இல் வந்த 'ஹிம்மத்' என்ற படத்தில் இதே பல்லவியோடு ஷம்ஷாத் பேகம் பாடியிருக்கிறார். தன் மேலாடையைப் பறித்துக்கொண்டவர்கள் இவர்களே என்று ஒரு பெண் சபை நடுவில் குற்றம் சாட்டுகிறாள். அதற்குச் சாட்சியாக ஜவுளிக்காரனையும் சாயக்காரனையும் காவற்காரனையும் ஒருவர்பின் ஒருவராக அழைக்கிறாள். கேட்கிறவர்கள் விளையாட்டாக ரசிக்கும் இந்தப் பாட்டுக்குள், மானத்தை இழந்தவள் வழக்காடும் தொனி ஒன்று உண்டு. ஷம்ஷாத் பேகத்தின் குரலில் அந்த வழக்கு கடைத்தெருவில் நின்று பேசுகிறது: துணிச்சலும் சிரிப்பும் சற்றே கரடுமுரடும் கலந்த பஞ்சாபி மண்ணின் குரல் அது. லதாவின் குரலில் அதே வழக்கு உள்முகமாகத் திரும்பி, குற்றம் சாட்டுகிறவளின் தனிமையாக மாறிவிடுகிறது. திரையில் மீனாகுமாரி ஆடும்போது, பின்னால் நெடுந்தெரு முழுவதும் மாடத்துக்கு மாடம் வேறு ஆடல் மகளிர் தத்தம் சபைகளில் ஆடிக்கொண்டிருப்பதைக் கமால் அம்ரோஹி காட்டுகிறார். குலாம் முகம்மது இந்தப் பாட்டை யமனில் அமைத்ததையும் இங்கே நினைக்க வேண்டும். நம்முடைய கல்யாணிக்கு உறவான அந்த ராகம், கம்பீரமும் கண்ணியமும் வாய்ந்தது. அற்பமாகக் கருதப்பட்ட ஒரு பாட்டுக்கு அத்தகைய ராகத்தை அளித்ததே அந்தப் பெண்ணுக்கு அவர் செய்த மரியாதை என்று நான் கருதுகிறேன்.

'டாடே ரஹியோ' அவருடைய சொந்த மண்ணின் குரல். மாண்ட் என்ற ராகம் ராஜஸ்தானத்துப் பாலைவெளிக்கே உரியது. பிகானீர் மகாராஜாவின் தர்பாரில் அல்லா ஜிலாய் பாய் அதைப் பாடிப் புகழ் பெற்றிருந்தார். அதே பிகானீரில் பிறந்தவர், காதலனை வாசலில் காத்திருக்கச் சொல்லிவிட்டு அலங்காரம் செய்துகொள்ளப் போகும் பெண்ணின் பாட்டுக்கு மாண்டைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாக இருக்க முடியாது. பாட்டு முதலில் தும்ரியின் சாவதானத்தோடு, சாரங்கியின் கைப்பிடியில் தயங்கித் தயங்கி நடக்கிறது. பிறகு கதக் ஜதிகள் புகுந்து, லயம் முடுகி, கால்களின் வேலை தொடங்குகிறது. நடனத்தை அமைத்தவர்கள் கௌரி சங்கரும், லக்னோ கரானாவின் லச்சு மகராஜும். தாளம் பயின்றவர் இசையமைப்பாளரானதன் முழுப் பயனும் இந்த ஒரு பாட்டில் கிட்டிவிடுகிறது. லதாவும் இங்கேதான் தம் வழக்கமான எல்லையைத் தாண்டி, சொற்களை இழுத்தும் வளைத்தும் பாவம் காட்டும் தும்ரி மரபுக்கு மிக அருகே வருகிறார்.

கைஃபி ஆஸ்மி எழுதிய 'சல்தே சல்தே' இந்த ஆறிலும் ஜனங்கள் மிகுதியாகப் போற்றிய பாட்டு. ரயில் வண்டியில் உறங்கிக்கொண்டிருந்த கதாநாயகியின் பாதங்களைக் கண்டு மயங்கிய ஓர் அந்நியன் ஒரு கடிதத்தை விட்டுச் செல்கிறான். அன்று முதல் வண்டியின் ஊதல் ஒலியே அவளுக்கு அவன் வருகையாகிவிடுகிறது. நவாபுகளின் சபையில் அவள் பாடி முடிக்கும் இடத்தில், தொலைவில் அந்த ஊதல் கேட்கிறது. தட்டில் கேட்டாலும் அதைக் கேட்கலாம். ஒரு யந்திரத்தின் ஓசை பாட்டின் அங்கமாகவே ஆகி, சுருதியோடு இயைந்து நிற்கும் இந்த உத்தியை அதன் பிறகு எத்தனையோ பேர் பின்பற்றியும், இந்தச் சோகத்தை யாரும் எட்டவில்லை.

கமால் அம்ரோஹியே எழுதிய 'மௌசம் ஹை ஆஷிகானா' இனிய பாட்டு. அதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கைஃப் போபாலி எழுதிய 'சலோ தில்தார் சலோ'வில் ரஃபியும் லதாவும் நிலவொளியில் படகில் போவதுபோல் பாடுகிறார்கள். ஆடரங்கின் நெருக்கத்திலிருந்து படம் விடுபடும் ஒரே மூச்சு அது. இறுதியில், தன் காதலனின் திருமணத்திலேயே ஆட வரவழைக்கப்பட்டவள், உடைந்த கண்ணாடிச் சில்லுகளின்மேல் ஆடும் பாட்டு, மீண்டும் கைஃப் போபாலியின் எழுத்து. நோயுற்றிருந்த மீனாகுமாரிக்குப் பதிலாகப் பத்மா கன்னா ஆட நேர்ந்த காட்சி அது. உடல் ஒருத்தியுடையது, முகம் ஒருத்தியுடையது, குரல் மற்றொருத்தியுடையது. இருந்தும் பார்ப்பவன் மனத்தில் ஒரே ஒருத்தியே ஆடுகிறாள். இந்த ஐக்கியத்தை உண்டாக்குவது சந்தேகமின்றி லதாவின் குரல்தான். உர்து உச்சரிப்பை ஆசிரியர் வைத்துப் பயின்ற அந்த மராத்திப் பெண்மணியின் நாவில், ஒவ்வொரு சொல்லும் தன் முழு மாத்திரையோடு வந்து விழுகிறது.

இனிப் பின்னணிக்கு வருவோம். குலாம் முகம்மது மறைந்த பின் பின்னணி இசையை நிறைவு செய்யும் பொறுப்பு நௌஷாத்தை அடைந்தது. தம்முடைய முன்னாள் உதவியாளரின் பாடல்களை அவர் தொடவில்லை. ஆடல் வீடுகளின் சூழலை உண்டாக்கச் சில பாரம்பரியத் தும்ரிகளை மட்டும் வெவ்வேறு பாடகியரைக் கொண்டு பாடுவித்தார். அஸ்ஸாமிலிருந்து வந்து பட்டியாலா பாணியில் வளர்ந்திருந்த இளம் பர்வீன் சுல்தானா ஒன்று பாடினார். வேலூரில் பிறந்த நம் வாணி ஜெயராம் ஒன்று பாடினார். பட்டியாலா கரானாவின் உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் தும்ரியும் கஜலும் முறையாகக் கற்று, 1971-இல் 'குட்டி' படத்தின் மூலம் வட இந்தியாவெங்கும் புகழ் பரவியிருந்தவர் அவர். கர்நாடக சங்கீதத்தில் ஊறிய தமிழ்ப் பெண் ஒருவரின் தும்ரி வடநாட்டு ஆடலரங்கின் சூழலில் அந்நியமாக ஒலிக்காமல் கலந்துவிடுவதைக் கேட்கும்போது, அவருடைய சிட்சையின் ஆழம் புலப்படுகிறது.

இவர்களில் மூத்தவரான ராஜ்குமாரியைப்பற்றிச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். கமால் அம்ரோஹியின் முதற்படமான, 1949-இல் வந்த 'மஹல்' படத்தில் ராஜ்குமாரியும் பாடினார், லதாவும் பாடினார். லதாவை நாடெங்கும் தேட வைத்தது அந்தப் படத்தின் பாட்டுதான்; அதன் முதல் தட்டுகளில் பாடியவர் பெயர் லதா என்று இல்லை, 'காமினி' என்ற கதாபாத்திரத்தின் பெயரே அச்சிடப்பட்டிருந்தது. அதன் பிறகு லதாவின் பெயர் எல்லாத் தட்டுகளிலும் ஏறிற்று; ராஜ்குமாரிக்கு வாய்ப்புகள் குறைந்துகொண்டே வந்தன. 'பாகீஸா'வின் பின்னணி இசைப் பதிவின்போது அவர் கோஷ்டிப் பாடகியரில் ஒருவராக நிற்பதைக் கண்டு மனம் பதைத்த நௌஷாத், அவருக்குத் தனியாக 'நஜரியா கீ மாரீ' என்ற தும்ரியை அளித்தார் என்பது திரையிசை வட்டாரத்தில் நிலைத்துவிட்ட செய்தி. அந்தத் தும்ரியைக் கேளுங்கள். வயது ஏறிய, சற்றே தளர்ந்த, ஆனால் ஒவ்வொரு வளைவிலும் அனுபவம் நிறைந்த குரல். கதாநாயகியின் குரல் அவளுடைய கனவைச் சொல்கிறதென்றால், இந்தக் குரல் அந்த வீடுகளின் வாழ்க்கையைச் சொல்கிறது. படத்தின் உண்மைக்கு இரண்டும் வேண்டும்.

பரிசளிப்பில் நேர்ந்ததையும் குறிப்பிடாமல் விட முடியவில்லை. ஃபிலிம்ஃபேர் இசை விருது அந்த ஆண்டு 'பேயிமான்' படத்துக்காக சங்கர் ஜெய்கிஷனுக்குப் போயிற்று. அதே படத்தில் நடித்ததற்காகத் தமக்குக் கிடைத்த விருதை நடிகர் பிராண் ஏற்க மறுத்தார். மறைந்த குலாம் முகம்மதுவுக்கு உரிய கௌரவம் மறுக்கப்பட்டது என்பதே அவர் சொன்ன காரணம். தம் சொந்தப் படத்தின் வெற்றியையே எதிர்த்து நின்ற இத்தகைய நியாய உணர்ச்சி எந்தத் துறையிலும் அபூர்வம்.

பின்னர் 1981-இல் வெளிவந்த 'உம்ராவ் ஜான்' படத்துக்கு இசையமைத்த கய்யாம், 'பாகீஸா'வை எண்ணிப் பார்த்தே தம் வழியை வகுத்துக்கொண்டார் என்று தோன்றுகிறது. ஆஷா போஸ்லேயை அவருடைய வழக்கமான சுருதியைவிடத் தாழ்ந்த சுருதியில் பாட வைத்தார். பாடகி முதலில் தயங்கினாலும், அந்தக் கனமும் நிதானமுமே பாடல்களின் சிறப்பாயிற்று, தேசிய விருதும் கிட்டிற்று. லதாவின் உயரத்திலிருந்து மீண்டும் தரைக்கு, தவாயிப்களின் மெய்யான சாரீரத்தை நோக்கி, ஒரு படி இறங்கி வந்த முயற்சி அது.

ஆனால் அந்தப் படியைக் குலாம் முகம்மதுவும் அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று உண்டு. படத்தில் இடம் பெறாமற்போன அவருடைய பாடல்களைத் திரட்டி, சில ஆண்டுகளுக்குப் பின் 'பாகீஸா ரங் பரங்' என்ற பெயரில் ஒரு தனித் தட்டு வெளியிட்டார்கள். அதில் லதாவும் ரஃபியும் மட்டுமல்ல. ஷம்ஷாத் பேகம் இருக்கிறார், சுமன் கல்யாண்பூர் இருக்கிறார், ஷோபா குர்ட்டுவும் இருக்கிறார். இந்த ஷோபா குர்ட்டு, தொழில்முறை நர்த்தகியும் அல்லாதியா கானிடம் பயின்ற பாடகியுமான மேனகாபாய் ஷிரோட்கரின் மகள். பிற்காலத்தில் தும்ரி ராணி என்றே அழைக்கப்பட்டவர். ஆடலும் பாடலும் வம்சத்தில் வந்த ஒருவரின் தும்ரியைக் குலாம் முகம்மது இந்தப் படத்துக்கென்றே பதிவு செய்து வைத்திருந்தார். 'டாடே ரஹியோ'வை லதாவின் குரலில் கேட்டு முடித்த கையோடு, ஷோபா குர்ட்டுவின் 'பந்தன் பாந்தோ'வையும் கேட்கிறவர்களுக்கு, இந்த இசையமைப்பாளர் தம் மனத்தில் கட்டியிருந்த மாளிகைக்கு எத்தனை மாடங்கள் இருந்தன என்பது தெரியவரும்.