துண்டு வெட்டிய பிறகு

ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதை எங்கள் பக்கம் 'துண்டு வெட்டுவது' என்பார்கள். என் சின்னம்மாவுக்குத் துண்டு வெட்டிய அன்று அவருடைய மகளின் கையில் இருந்தது ஒரு கிளினிக் கொப்பியும் வலிப்பு வராமலிருக்க இரண்டு வகை மாத்திரையும்தான். கிளம்பும்போது, கைகாலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்கும்படி ஒரு தாதி சிங்களத்தில் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரைப் பார்க்க வந்த யாரோ ஒருவர் அதைத் தமிழில் மாற்றிச் சொன்னார். பூனாகலைப் பக்கத்துத் தேயிலை மலையொன்றில், மழைநாளில், கொழுந்துச் சாக்கோடு சறுக்கிக் கான் ஓரத்துக் கல்லில் தலை மோதி விழுந்தவர் சின்னம்மா. உயிரைப் பிடித்து நிறுத்தித் தந்த வைத்தியர்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான் எழுத வந்தேன். மூளையில் அடிபட்டவரை வீட்டில் வைத்துக் குடும்பத்தாரே தேற்றியெடுக்கும் முறை எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது?

வேறு வழியில்லாத ஏழைகளின் ஏற்பாடு என்று இதைத் தள்ளிவிட முடியாது. இதற்குப் பின்னால் யோசித்து வகுத்த ஒரு கொள்கை இருக்கிறது. அதை வகுத்ததில் ஓர் இலங்கையருக்கும் பெரும் பங்கு உண்டு. 1978இல் அல்மா அட்டா பிரகடனம் எல்லாருக்கும் ஆரம்ப சுகாதாரம் என்று பேசியபோது, அங்கவீனமுற்றோரின் நிலை என்ன என்ற கேள்வி எழுந்தது. நகரத்து நிபுணர்களிடம் அவர்களில் பெரும்பாலோர் வந்துசேரப் போவதில்லை. ஆகவே நிபுணரின் அறிவை எளிமையாக்கி வீட்டுக்குக் கொண்டுபோவது என்று உலக சுகாதார நிறுவனம் முடிவெடுத்தது. அப்படி உருவான கைநூலை எழுதியவர்கள் ஐனார் ஹெலாண்டர், பத்மனி மென்டிஸ், குனெல் நெல்சன், ஆன் கோர்ட் ஆகிய நால்வர். மென்டிஸ் நம் நாட்டு இயன்மருத்துவர். 1989இல் வெளிவந்த அந்த நூல்தான் சமூகமட்டப் புனர்வாழ்வு என்ற முறைக்கு உலகெங்கும் அடிப்படையானது. இங்கே அது சமூக சேவைகள் அமைச்சின் தேசியத் திட்டமாகவும் ஆனது. (புனர்வாழ்வு என்ற சொல் இந்நாட்டுத் தமிழர் காதில் போரை ஒட்டிய தடுப்பு முகாமை நினைவூட்டும். நோயாளிகளுக்காக அந்தச் சொல்லை மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது.)

மூளைக் காயத்துக்கு இந்த முறை பொருந்துவதற்குக் காரணம் மூளையின் இயல்பிலேயே இருக்கிறது. முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு அது மெதுவாக, வருடக்கணக்கில் நீளும். எந்த ஆஸ்பத்திரியும் அத்தனை காலம் ஒருவரைக் கட்டிலில் வைத்திருக்காது. கொழும்பை அடுத்த ராகமையிலும் கண்டியை அடுத்த திகனையிலும் புனர்வாழ்வு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஆனால் பூனாகலையிலிருந்து பண்டாரவளைக்கு இறங்கி அங்கிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ போவது, நடக்கத் தடுமாறும் ஒருவருக்கு ஒரு நாள் பயணம். அங்கே பழகியது இங்கே உதவுமா என்பது அடுத்த பிரச்சினை. அடிபட்ட மூளை ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்கு எளிதில் கொண்டுபோகாது. சமதரையில் கம்பியைப் பிடித்து நடக்கக் கற்றவர், தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில், உயரம் மாறிய மூன்று படியில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதைவிட அந்தப் படியிலேயே பழகுவது மேல்.

இதைக் கண்ணால் கண்டேன். வீடு வந்து மூன்றாவது மாதமும் சின்னம்மாவுக்குப் பொருள்களின் பெயர் வரவில்லை. அகப்பையைக் காட்டினால் 'அது... அதுதான்' என்பார். ஒருநாள் மகள் அவரைக் கைப்பிடித்து லயத்துக்கு மேலே உள்ள தேயிலைக்குள் கூட்டிப்போனாள். கொஞ்ச நேரம் செடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வலது கை தானாகப் போயிற்று. இரண்டு இலையும் ஒரு மொட்டும், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே, 'டக்' என்ற அந்தச் சின்னச் சத்தத்தோடு. முற்றிய இலையைத் தொடவில்லை. கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் எறிந்தார். அங்கே சாக்கு இருக்கவில்லை. கொழுந்து மண்ணில் விழுந்தது. இடது கை ஒத்துழைக்காவிட்டாலும், நாற்பது வருடத் தொழில் விரலில் அப்படியே இருந்தது.

சோவியத் நரம்பியல் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா இதே விஷயத்தைப் போர்க்காலத்தில் கண்டிருக்கிறார். 1943இல் ஸ்மொலென்ஸ்க் போர்முனையில் தலையில் குண்டு பாய்ந்த சசெட்ஸ்கி என்ற இளைஞனுக்கு ஓர் எழுத்தின் வடிவம்கூட நினைவுக்கு வரவில்லை. எழுத்து எழுத்தாக யோசிக்காமல், பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் ஒரே வீச்சில் எழுதிப்பார் என்று சொன்னதும் கை எழுதிவிட்டது. அப்படி இருபத்தைந்து வருடத்தில் மூவாயிரம் பக்கம் எழுதினான், எழுதியதைத் தானே வாசிப்பது பெரும்பாடாக இருந்தபோதும். பெயர்களும் நிகழ்ச்சிகளும் பதியும் இடம் வேறு, பழகிய செயல் பதியும் இடம் வேறு. இரண்டாவது தப்பியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஏறலாம். தேயிலையும், கொழுந்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்பும், இடுப்பில் கட்டும் படங்கும் சூழ்ந்த இடத்தில் அந்தப் பிடி எட்டிய தூரத்தில் இருக்கிறது. வீட்டுப் புனர்வாழ்வின் மிகப் பெரிய பலம் என்று நான் கருதுவது இதைத்தான். லயத்து வாழ்க்கையின் நெருக்கமும் இதற்கு உதவும்: அடுத்த காம்பராக்காரர்கள் நாள்முழுக்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவார்கள். அதைவிட நல்ல பேச்சுப் பயிற்சி எந்த வார்டிலும் கிடைக்காது.

கைநூலை வகுத்தவர்கள் குடும்பத்தை மட்டும் நம்பவில்லை. ஊரிலேயே பயிற்சி பெற்ற ஒரு மேற்பார்வையாளர் வீடு தேடி வர வேண்டும். அவரால் முடியாதபோது மேலே உள்ள வைத்தியரிடம் அனுப்ப வழி இருக்க வேண்டும். ஊர்க்குழு ஒன்று பொறுப்பேற்க வேண்டும். சின்னம்மாவுக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. எங்களுக்கு வந்துசேர்ந்தது 'வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற கடைசி வரி மட்டும். தோட்டங்கள் அரச சுகாதார அமைப்புக்கு வெளியே நின்ற வரலாறு இதற்கு ஒரு காரணம். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளியின் உடல்நலத்தைத் தோட்டத் துரையின் பொறுப்பில் விட்டது. நாட்டில் இலவச மருத்துவம் வந்து பல தசாப்தங்கள் கழிந்தும் அந்தப் பிரிவினை முழுதாகக் கலையவில்லை. தோட்டத்து வைத்திய உதவியாளர், மருத்துவச்சி, தொழிலாளரின் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பரா உத்தியோகத்தர் ஆகியோர் இருக்கிறார்கள். அடிபட்ட மூளையோடு வீடு திரும்புபவர் அவர்களில் யாருடைய பட்டியலிலும் இல்லை.

குடும்பத்துக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதுமா? இந்தியாவில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். லூதியானா நரம்பியல் வைத்தியர் ஜெயராஜ் துரை பாண்டியன் முன்னின்ற 'அட்டெண்ட்' ஆய்வு, பக்கவாதம் கண்ட 1,250 பேரை 14 ஆஸ்பத்திரிகளில் இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவில் குடும்பத்தாருக்கு ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி கொடுத்து, வீட்டுக்கும் வந்து இரண்டு மாதம்வரை வழிகாட்டினார்கள். மறு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. 2017இல் லான்செட்டில் வந்த முடிவு மனதைச் சோரவைத்தது: ஆறு மாத முடிவில் இறந்தவர்களும் பிறர் தயவில் வாழ்பவர்களும் இரு பிரிவிலும் நூற்றுக்கு 47. குடும்பம் பட்ட பாடெல்லாம் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அது பக்கவாதம் பற்றிய ஆய்வு, தலைக்காயம் பற்றியதல்ல. வழக்கமான கவனிப்பு என்று ஒன்று அங்கே இருந்தது. எங்கள் லயத்தில் வழக்கம் என்று ஒன்றுமே கிடையாது. ஆனாலும் சில மணிநேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு நிபுணரின் வேலையை மகளிடமும் மனைவியிடமும் இறக்கிவைக்கலாம் என்ற எண்ணத்தை அந்த எண் அடித்துப்போடுகிறது.

மகள் என்றும் மனைவி என்றும் தெரிந்தேதான் எழுதுகிறேன். பார்த்துக்கொள்பவர் அநேகமாகப் பெண். தோட்டத்தில் அவளுடைய நாள் 'பேர்' கணக்கில் ஓடுகிறது. தோட்டத்துக்குத் தோட்டம் 18 கிலோ, 20 கிலோ என்று மாறும் அளவுக்குக் கொழுந்து எடுத்தால் ஒரு பேர், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரை பேர். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆயிற்று. காலையில் தாய்க்குப் பல் விளக்கிவிட்டு, மாத்திரை கொடுத்து, அடுப்பங்கரைக்குப் போகாமலிருக்க யாரிடமாவது சொல்லிவிட்டு, வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனால் நேரம் தப்பிவிடும். குழந்தையைச் சுமந்துகொண்டு மலையேறிக் கொழுந்தெடுக்க முடியாது என்பது தோட்டத்துக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. அதனால்தான் ஒவ்வொரு தோட்டத்திலும் பிள்ளைக்காம்பரா எழும்பியது. குழந்தையைப்போலக் கண்வைக்க வேண்டிய ஒரு பெரியவர் வீட்டில் இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்குத் தோட்டம் இன்னும் பதில் சொல்லவில்லை. 'சமூகம்' பார்த்துக்கொள்ளும் என்று கொள்கை சொல்லும்போது, ஒரு பெண்ணின் அரை நாள் சம்பளம் அந்தச் சமூகத்துக்குச் சந்தாவாகப் போகிறது.

முறையின் இன்னொரு குறை, அது கைகாலோடு நின்றுவிடுவது. சின்னம்மாவின் இடது கை நாலு மாதத்தில் ஓரளவு தேறியது. ஆனால் யாருக்கும் குரல் உயர்த்தாத மனுஷி, தேத்தண்ணீர் சூடு பத்தவில்லை என்று கோப்பையைச் சுவரில் எறிந்தார். சிறிது நேரத்தில் அதை மறந்து சிரித்தார். "வந்தது அம்மா மாதிரிதான் இருக்கு. ஆனா அம்மா இல்லண்ணே" என்று அந்த மகள், என் தங்கச்சி, என்னிடம் அழுதாள். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி அடிபட்டால் கோபத்துக்குக் கடிவாளம் போய்விடும். தனக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்பதே நோயாளிக்குத் தெரியாமலும் போகலாம். இவ்வளவையாவது ஒருவர் எங்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாததால் லயத்தில் காத்துக்கருப்பு என்றார்கள். கோயிலில் நூல் கட்டினோம். நூலைக் குறை சொல்லமாட்டேன். அன்றைக்கு எங்களை அணைத்துக்கொண்டது அதுதான். ஆனால் சாமியாடி வந்த வீட்டில் வலிப்பு மாத்திரை நின்றுபோகும் ஆபத்து உண்டு.

1989 கைநூல் நடத்தை மாற்றத்தை மறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பார்வை, கேட்டலும் பேச்சும், நடமாட்டம், தொடுவுணர்வு, விசித்திர நடத்தை, வலிப்பு, கற்றல் என்று அது குறைபாடுகளை ஏழாகப் பிரித்தது. ஒரு வீட்டுக்கு ஒரு குறை என்று வைத்தால் அது நல்ல பிரிவு. மூளையில் அடிபட்ட ஒருவரிடமோ இவற்றில் ஐந்து ஒன்றாக வந்து குடியேறும். பேச்சும் நடையும் வலிப்பும் கோபமும் மறதியும் ஒன்றையொன்று இழுக்கும். களைத்தால் கோபம் வரும், மாத்திரை கூடினால் மறதி கூடும். எதை முதலில் கவனிப்பது என்று முடிவெடுக்க நூல் போதாது. அங்கே அனுபவப்பட்ட ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவருக்குத் தமிழும் வேண்டும். 1974இல் கிளாஸ்கோவில் உருவாகி இன்று உலகமெங்கும் பயன்படும் நினைவுநிலை அளவுகோலில், பேச்சுக்கு மட்டும் ஐந்து புள்ளி. தெளிவாகப் பேசினால் ஐந்து, குழம்பிப் பேசினால் நாலு. கேட்பவருக்குத் தெரியாத மொழியில் தெளிவு எது, குழப்பம் எது? 1987இல் தமிழும் அரசகரும மொழி ஆயிற்று. கட்டிலோரத்துக்கு அது இன்னும் வந்துசேரவில்லை. நினைவாற்றலைச் சோதிக்கும் மொன்றியல் தாளில் சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம் ஆகிய படங்களுக்குப் பெயர் சொல்ல வேண்டும். அடிபடுவதற்கு முன்பே சின்னம்மாவுக்குக் காண்டாமிருகம் தெரியாது. கவ்வாத்துக் கத்தியைக் காட்டிக் கேட்டிருந்தால் அவருடைய மறதியின் உண்மையான அளவு தெரிந்திருக்கும்.

வீட்டை நம்பிய முறைக்கு எங்கள் மலையில் இன்னொரு பலவீனமும் உண்டு: வீடு நிலைப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29இல் மீரியாபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போயின. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்து குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. நினைவு தப்பிய ஒருவருக்குத் தண்ணீர்ப் பீலியும் கோயிலும் மூன்றாவது படியும்தான் நாட்குறிப்பு. அவரைப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு பாயில் உட்காரவைத்தால், மாதக்கணக்கில் பழகியது ஒரே இரவில் போய்விடும்.

இத்தனை குறைக்குப் பிறகும் முறையைக் கைவிடச் சொல்லமாட்டேன். 1990 என்ற எண்ணில் கூப்பிடும் சுவசெரிய அம்புலன்ஸ் வந்தபின், முன்பானால் வழியிலேயே போயிருக்கக்கூடிய உயிர்கள் ஆஸ்பத்திரிவரை போய்ச்சேர்கின்றன. வீடு திரும்பும் தலைக்காயக்காரர்களும் அதனால் கூடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது இதுதான்: தோட்டத்துக்கு ஒருவர், தமிழ் பேசுபவர், சம்பளத்தோடு. அவருக்கு மேலே மாதம் ஒருமுறை கேள்வி கேட்க ஒரு வைத்தியர். இவ்வளவையும் செய்துவிட்டுத்தான் 'வீட்டில் வைத்துப் பாருங்கள்' என்று சொல்லும் உரிமை வரும்.

போன வருடம் கீழ் லயத்தில் ஆட்டோ கவிழ்ந்து தலையில் அடிபட்ட பையனுக்குத் துண்டு வெட்டினார்கள். மறுநாள் காலை அவனுடைய தாய் தங்கச்சியைத் தேடி வந்தார். கை எப்படி, கால் எப்படி என்று தங்கச்சி கேட்கவில்லை. "கோவப்படுறானா மாமி? மாத்திர கொடுத்தா துப்புறானா?" என்றுதான் கேட்டாள். பிறகு கூடவே இறங்கிப்போய், அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவே மறைப்பு வைத்து, மாத்திரை வேளையைச் சுவரில் கரியால் கோடு போட்டுக் காட்டிவிட்டு மலைக்குப் போனபோது வெயில் ஏறியிருந்தது. அன்றைக்கு அவளுக்கு அரை பேர்.