ரைம், இயைபு, எதுகை: ஓர் ஒப்பீடு

ரைம் என்பது ஆங்கிலச் செய்யுளில் அடிகளின் இறுதிச் சொற்கள் ஓசையால் ஒத்துவரும் அமைப்பு. அழுத்தம் பெறும் கடைசி உயிரொலி முதல் சொல்லின் முடிவு வரை ஒலி ஒன்றாக இருக்க வேண்டும். அவ்வுயிருக்கு முன்னுள்ள மெய்யொலி வேறாக இருக்க வேண்டும். லைட், ஒயிட் ஆகியவற்றின் எழுத்துக்கூட்டல் வேறு. எனினும் அவை ரைம் ஆகும். லவ், மூவ் ஆகியவை ஒரே மூன்று எழுத்துகளில் முடிந்தும் ரைம் ஆகா. இதற்குச் செவியே சான்று, கண் அன்று.

ரைமை 'எதுகை' என்று தமிழாக்குவது பரவலான வழக்கம். இது பொருந்தாது. எதுகை என்பது முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது. கண்ணன், மண்ணில் என்பவை எதுகை. அவற்றின் இறுதி ஒக்கவில்லை. கடல், வயல் என இறுதி ஒத்துவருவது இயைபு. தொல்காப்பியமும் யாப்பருங்கலக்காரிகையும் இயைபைத் தனித் தொடையாகவே கூறுகின்றன. ரைமுக்கு நெருக்கமானது இதுவே.

இயைபு இருந்தும் தமிழ்ச் செய்யுள் எதுகையையே பெரிதும் நாடியதற்கு மொழியமைப்பும் ஒரு காரணம் எனலாம். தமிழில் வேர் சொல்லின் முதலிலும், விகுதி இறுதியிலும் நிற்கும். வந்தான், நின்றான், சென்றான் என இறுதி ஒலி எளிதில் ஒத்துவிடும். எளிதில் கிடைப்பதில் வியப்பு குறைவு. வேர் நிற்கும் இடத்தில் ஓசை ஒத்தால், பொருளும் ஓசையும் ஒருங்கே செவியில் பதியும்.

திருத்தணி இதற்கு நல்ல சான்று. 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் தணிகை முருகனைப் பாடிய திருப்புகழ்ப் பாடல்களில் அடிதோறும் ஒரே சந்தம் மீள்கிறது. அடிகள் தொங்கல் என்னும் குறுஞ்சந்தத்தில் முடிகின்றன. தொங்கல்களின் எழுத்துகள் வேறுபடலாம். சந்த அளவு மாறுவதில்லை. அடியின் தொடக்கத்தை எதுகையும், முடிவைச் சந்தமும் காக்கின்றன. 1960 வரை ஆந்திராவில் இருந்த இவ்வூரின் மற்றொரு மொழியான தெலுங்கிலும் நிலை இதுவே. அதன் பிராசம் அடிதோறும் இரண்டாம் எழுத்தின் மெய் ஒன்றிவருவதாகும்.

ரைமும் எதுகையும் ஒன்றெனப் பயிலும் மாணவர், திருப்புகழின் அடியிறுதியில் எதுகையைத் தேடி, காணாமல், ஓசைநயம் குறைவென்று எண்ண நேரும். ஆங்கிலப் பாடலில் அடியின் முடிவையும் தமிழ்ச் செய்யுளில் அடியின் தொடக்கத்தையும் கேட்கப் பழகுவதே இரண்டையும் சுவைக்கும் வழி.