போஸ்ட்கிரெஸ் நகலாக்கப் புள்ளிவிவரங்கள்: ஒரு விமர்சனம்

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்பது திறமூலத் தரவுத்தள மென்பொருள் ஆகும். ஒரு தரவுத்தளத்தில் நடக்கும் மாற்றங்களை வேறொரு தரவுத்தளத்திற்கு அனுப்பும் முறை தருக்க நகலாக்கம் எனப்படுகிறது. இதற்கு அடிப்படையான குறிவிலக்கும் வசதி 9.4ஆம் பதிப்பில் (2014) வந்தது. ஒரு பரிவர்த்தனை முடியும் வரை அதன் மாற்றங்கள் நினைவகத்தில் சேர்த்து வைக்கப்படும். இடம் போதாவிட்டால் வட்டுக்கு வழிந்துவிடும். இந்த வழிவை எப்படி எண்ணுவது, எண்ணியதை எப்போது அழிப்பது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

தொடக்கத்தில் ஒரு பரிவர்த்தனைக்கு 4096 மாற்றங்கள் வரை நினைவகத்தில் இருக்கலாம் என்ற எண்ணிக்கை வரம்பே இருந்தது. மாற்றம் சிறியதா பெரியதா என்று அது பார்க்கவில்லை. 13ஆம் பதிப்பில் (2020) பைட் அளவிலான வரம்பு வந்தது. அதன் இயல்பு மதிப்பு 64 மெகாபைட். இது ஒவ்வொரு நகலாக்க இணைப்புக்கும் தனித்தனியானது. எனவே பத்து இணைப்புகள் இருந்தால் 640 மெகாபைட் வரை போகலாம். பல நிர்வாகிகள் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

வழிவை எண்ணும் முதல் முயற்சி 13ஆம் பதிப்பின் உருவாக்கக் காலத்திலேயே நடந்தது. ஆனால் எண்கள் அனுப்பும் செயலாக்கத்தோடு ஒட்டியிருந்தன. இணைப்பு அறுந்து புதிய செயலாக்கம் தொடங்கினால் பழைய கணக்கு போய்விடும். குறிவிலக்கத்தை எஸ்க்யூஎல் செயல்கூறு வழியாக நடத்தினால் அது கணக்கிலேயே வராது. எனவே 2020 ஜூலையில், வெளியீட்டுக்கு முன்பே, அது திரும்பப் பெறப்பட்டது. தவறான எண்ணைக் கொடுப்பதைவிட எண்ணே கொடுக்காமல் இருப்பது மேல் என்ற அந்த முடிவு பாராட்டத்தக்கது. மசாஹிகோ சவாடா, இந்தியரான அமித் கபிலா ஆகியோரின் பங்களிப்புடன் 14ஆம் பதிப்பில் (2021) கணக்கு நகலாக்கத் துளைக்கு மாற்றப்பட்டது. இணைப்பு வரும், போகும்; துளை நிலைத்திருக்கும். கணக்கு இருக்க வேண்டிய இடம் அதுவே.

அழிப்பதற்கான செயல்கூறு ஒரு துளையின் பெயரை ஏற்கும். பெயருக்குப் பதில் நல் மதிப்பைக் கொடுத்தால் எல்லாத் துளைகளின் கணக்கும் அழியும். ஒரு துளையின் எல்லா எண்களும் ஒன்றாகவே பூச்சியமாகின்றன. வழிவு எண்ணை மட்டும் அழிக்க வழியில்லை. இது குறைபோலத் தோன்றினாலும் சரியான வடிவமைப்பே. வழிந்த பைட்டுகளை மொத்தப் பைட்டுகளோடு ஒப்பிட வேண்டுமானால் இரண்டும் ஒரே நேரத்திலிருந்து எண்ணப்பட்டிருக்க வேண்டும். அழித்த நேரமும் தனி நெடுவரிசையில் பதிவாகிறது. ஆனாலும் இருவர் கண்காணிக்கும் இடத்தில் ஒருவர் அழித்தால் மற்றவரின் கணக்கு கெடும். அழிக்காமல், இரு நேரங்களின் எண்களைக் குறித்துக்கொண்டு கழித்துப் பார்ப்பதே பாதுகாப்பானது. வழங்கி திடீரென வீழ்ந்து மீண்டால் யாரும் கேட்காமலே எல்லாம் பூச்சியமாகும் என்பதையும் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

பெரிய குறை வேறு இடத்தில் உள்ளது. காரைக்காலின் சுரக்குடி காவிரிப் பாசனத்தின் கடைமடையில் இருக்கும் ஊர். அங்கே ஒரு வாய்க்காலில் கரை எத்தனை முறை வழிந்தது என்று மட்டும் எழுதிவைத்து, நீர் மட்டத்தைக் காட்டும் அளவுகோலை நடாமல் விட்டால் எப்படியோ, அப்படித்தான் இந்த அட்டவணையும் உள்ளது. இப்போது எவ்வளவு நினைவகம் பயன்படுகிறது, உச்சம் எவ்வளவு என்பதற்கு நெடுவரிசை கிடையாது. வரம்பு எத்தனை முறை மீறப்பட்டது என்பதற்கும் 18ஆம் பதிப்பு வரை தனி எண் இல்லை. வழிவு எண்ணிக்கை அதற்கு ஈடாகாது. ஒரே பரிவர்த்தனை பலமுறை வழியக்கூடும்.

இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதை 2024இல் செய்யப்பட்ட ஒரு திருத்தம் காட்டுகிறது. மாற்றங்களைச் சேமிக்கும் நினைவகம் 8 மெகாபைட் தொகுதிகளாக ஒதுக்கப்பட்டது. நீண்ட பரிவர்த்தனை ஒன்றின் ஒரே ஒரு வரிசை மிஞ்சியிருந்தாலும் முழுத் தொகுதியும் விடுவிக்கப்படாது. உள் கணக்கு வரம்புக்குள் இருப்பதாகச் சொல்ல, உண்மையான நினைவகமோ பல மடங்கு ஏறியது. தொகுதி அளவு 8 கிலோபைட்டாகக் குறைக்கப்பட்டது. வரம்பு மீறப்படவில்லை என்றே உள் கணக்கு நம்பியதால் வழிவு எண்களில் இது தெரியவே இல்லை. இன்றும் அந்த வேறுபாட்டைக் காண இயக்குதளத்தின் நினைவகக் கணக்கைத்தான் அருகில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.