விற்றுப்போன இருட்டு வீடுகள்

ஜொகூர் பாருவில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டுப் பழகியவர்கள், புதிதாக இறங்குபவருக்குச் சொல்லும் முதல் பாடம்: "கொஞ்ச நாள் சும்மா சுத்திப் பாரு." இரவில் அடுக்குமாடியின் கீழே நின்று எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ண வேண்டும். தபால் பெட்டிகளில் விளம்பரத் தாள்கள் பிதுங்குகின்றனவா, ஏர்கான் வெளிப்பெட்டிகள் மாட்டியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு ஓட்டல் மண்டபத்தில் நடத்தும் வார இறுதி வகுப்புகளைவிட இது எவ்வளவோ மேல்.

இதன் உண்மையான பலம், அரசுக் கணக்கு பார்க்காத இடத்தைப் பார்ப்பது. தேசியச் சொத்துத் தகவல் மையமான நாப்பிக், தேங்கிய வீடுகளைக் கணக்கெடுக்கிறது. கட்டி முடிந்து, விற்பனைக்கு வந்து ஒன்பது மாதம் கடந்தும் விலைபோகாதவையே அதில் சேரும். ஒருவர் முதலீடாக வாங்கிப் பூட்டிப்போட்ட வீடு, அறிக்கையைப் பொறுத்தவரை விற்றுப்போன வீடு. அது ஆளில்லாத வீடு என்பது தெருவில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

ஆனால் எண்ணுகிறவருக்கு ஊர் தெரிந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து, இரவு வெகுநேரம் கழித்துத்தான் திரும்புகிறார்கள். எட்டு மணிக்கு இருண்டு கிடக்கும் மாடியில் ஆள் நிறைந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காயும் துணி அதைவிட நம்பகமான சாட்சி.

பெரிய குறை வேறு. ஜொகூரிலுள்ள ஃபாரஸ்ட் சிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவின் கன்ட்ரி கார்டன் நிறுவனம் உள்ளூர்ப் பங்காளிகளுடன் கடலைத் தூர்த்து, 7 லட்சம் பேருக்கு என்று திட்டமிட்ட நகரம் அது. 2016இல் அங்கே போனவர்கள் வாங்க வந்த சீனர்களின் கூட்டத்தைக் கண்ணாரக் கண்டார்கள். பார்த்தது பொய்யில்லை. ஆனால் வாங்க வந்த கூட்டத்தைக் குடிவரப்போகும் கூட்டமாக எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டின் கடைசியிலிருந்து சீனா தன் மக்கள் பணத்தை வெளியே கொண்டுபோவதை இறுக்கியது. 2018இல் அப்போதைய மலேசியப் பிரதமர் மகாதீர் வெளிநாட்டு வாங்குநர்களுக்கு எதிராகப் பேசினார். 2023இல் கன்ட்ரி கார்டன் கடன் தவணை தவறியது. பெய்ஜிங்கிலும் புத்ராஜெயாவிலும் முடிவாவதை விற்பனைக் கூடத்தில் நின்று எப்படிப் பார்ப்பது?

வீட்டுக்குள் ஓடும் கணக்கும் கண்ணுக்குப் படாது. ஓர் உதாரணம்: 5 லட்சம் ரிங்கிட் வீடு, 90 சதவீதக் கடன், 4 சதவீத வட்டி, 35 ஆண்டு. மாதத் தவணை ஏறக்குறைய 1,990 ரிங்கிட். வாடகை 1,800 என்றால், பராமரிப்புக்கும் கட்டடச் சேமநிதிக்கும் 385 போக மிஞ்சுவது 1,415. மாதம் 575 ரிங்கிட் கைக்காசு போட வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது "ஆள் இருக்கும் வீடு", அவ்வளவுதான். பல சர்வீஸ் அபார்ட்மெண்டுகள் வணிக நிலத்தில் நிற்கின்றன. அதனால் மதிப்பீட்டு வரி கூடலாம் என்பதும் சுவரில் எழுதியிருக்காது. போதாததற்கு, லாபம் பார்த்தவர்தான் கோப்பிக் கடையில் பேசுவார். ஏலத்தில் வீடு போனவர் வேறு மேசையில் உட்கார்ந்துவிடுவார்.

இப்போது எல்லாக் கண்களும் ஜொகூர் பாருவின் புக்கிட் சாகார் நிலையத்தின் மேல். அங்கிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்குப் போகும் ஆர்டிஎஸ் ரயில், 2026 முடிவில் ஓடும் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றும். நிலையம் எழுவதை யாரும் பார்க்கலாம். சுற்றிலும் எத்தனை வீடுகள் வரப்போகின்றன என்பது, இன்னும் எழாத கட்டடங்களைச் சேர்ந்த எண்ணிக்கை. ஆனால் அது தாளில் இருக்கிறது: குடியிருப்புத் திட்ட விளம்பரங்களில் உரிம எண், நில உரிமை வகை, முடியும் தேதி, மொத்த வீடுகள் ஆகியவற்றை மேம்பாட்டாளர் அச்சிட வேண்டும் என்பது சட்டம். பளபளப்பான படத்துக்கு அடியில், பொடி எழுத்தில் இருக்கும். அந்த வட்டாரத்தின் விளம்பரங்களைச் சேர்த்து, மொத்த வீடுகளைக் கூட்டிப் பார்க்க ஒரு பென்சிலும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.