பத்து கிலோபைட்டின் அழகு

எசன் நகரின் சோல்வரைன் சுரங்க வளாகத்தில், நார்மன் ஃபாஸ்டர் புதுப்பித்த பழைய கொதிகலன் கூடத்தில் 1997 முதல் இயங்குகிறது ரெட் டாட் வடிவமைப்பு அருங்காட்சியகம். ரெட் டாட் விருதில் இணையதளங்களுக்கும் பங்கு உண்டு. சுழலும், மிதக்கும், விரியும் பக்கங்களின் ரசிகர்களுக்கு அந்தப் பட்டியல் விருந்துதான். ஆனால் அந்த ஆட்டத்துக்கு அடியில் கூகுளுக்கு ஏதாவது கிடைத்ததா?

இந்தக் கேள்வியில் ஊறியவர்களிடம் இணைய அசைவுகளை ஃப்ளாஷ் ஆண்ட காலத்தைப் பற்றிப் பேசினால், ஜெஃப் ஸ்டேர்ன்ஸ் பெயர் வராமல் இருக்காது. ஃப்ளாஷ் கோப்பைப் பக்கத்தில் பதிக்க அவர் தொடங்கிய எஸ்டபிள்யூஎஃப் ஆப்ஜெக்ட் என்ற நிரலின் இரண்டாம் பதிப்பு 2008-இல் வந்தது. மொத்தமே 10 கிலோபைட். சுருக்கினால் நாலுகூட இல்லை.

அதன் நயம் டிவ் என்னும் ஒரே ஒரு எச்டிஎம்எல் பெட்டியில் இருக்கிறது. அதற்குள் தலைப்பு, பத்தி, இணைப்புகள் எல்லாம் சாதாரண எச்டிஎம்எல்லில் எழுதப்பட்டிருக்கும். பார்ப்பவரிடம் சரியான ஃப்ளாஷ் ப்ளேயர் இருந்தால் மட்டும் அந்த இடத்தில் படம் வந்து உட்காரும். இல்லையென்றால் எழுத்து அப்படியே நிற்கும். தேடுபொறிக்கும் அதுவே தீனி.

அதே 2008-இல் ஃப்ளாஷ் கோப்புக்குள் இருக்கும் எழுத்தையும் படிப்போம் என்றது கூகுள். இனி இந்த வித்தை எதற்கு என்றார்கள் சிலர். ஆனால் எழுத்துருத் தொல்லைக்குப் பயந்து எழுத்தை உருவமாக்கி ஒட்டிய பக்கங்களைக் கூகுள் எப்படிப் படிக்கும்? தமிழில் அந்தத் தொல்லை எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை.

2020 டிசம்பர் 31-உடன் ஃப்ளாஷுக்கான ஆதரவு முடிந்தது. இப்போது பலருக்கும் அசைவுகளைக் காட்டும் லாட்டி என்ற நிரல்தான் உயிர். பெர்லினில் பிறந்த நிழலுருவப் படக் கலைஞர் லோட்டே ரைனிகரின் பெயரை ஏர்பிஎன்பி அதற்குச் சூட்டியது அழகான மரியாதை. ஆனாலும் ஒரு பொத்தான் மெல்லத் தோன்றி மறைய, பழைய பத்து கிலோபைட்டைப் போலப் பல மடங்கு கனமான நிரலை இறக்குவானேன்? சிஎஸ்எஸ்ஸில் டிரான்ஸ்ஃபார்ம், ஒப்பாசிட்டி இரண்டும் போதும். பக்க அமைப்பை உலாவி மறுபடி கணக்கிட வேண்டியதே இல்லை.

இன்றைய பல தளங்களிலும் ஒரு டிவ் இருக்கிறது. திறந்து பார்த்தால் காலி! எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் வந்த பிறகுதான். முக்கியமான உள்ளடக்கம் 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். ஹாம் நகரின் காமாட்சி அம்மன் கோயில் தேர்த் திருவிழாவுக்கு எசனில் ஆர்இ1 ரயில் ஏறுபவர், வழியில் சிக்னல் மங்கும்போது வெள்ளைத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

தளம் கட்டக் காசு கொடுப்பவர்களே, ஒப்புக்கொள்வதற்கு முன் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு வரிகூடத் தெரியவில்லையா, திருப்பி அனுப்புங்கள்.